விளக்கு வைத்த பிறகு உடைந்த ஊசி

புதுப் பேண்ட் யார் வாங்கி வந்தாலும் எங்கள் வீட்டில் அது முதலில் என் கைக்கு வந்தாக வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு, இடுப்புப் பட்டியிலிருந்து கால் மடிப்பு வரை ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். "கடைக்காரன் பாத்துத்தான் குடுத்திருப்பான், நீ என்ன போலீஸா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பார். நான் தடவாத பேண்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் வெளியே போனால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது என்பது அவருக்குத் தெரியும்.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே உள்ள ஒரு தையல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் அங்கே புது மெஷினுக்குப் பூஜை போட்டார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தைத்த துணிக்குள் ஊசித் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் மெஷின் அது. பெல்ட்டின் மேல் பேண்ட்டை வைத்தால் ஒரு கூண்டுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வரும். உள்ளே இரும்பு இருந்தால் பெல்ட் நின்று சத்தம் போடும். "இது இல்லாம அப்ப எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று பெண்கள் கேட்டார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. முடிந்தவரை அன்று சொன்னேன், மிச்சத்தையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் தைத்தது லீவு நாளில் போட்டுக்கொள்ளும் தளர்வான பேண்ட். எல்லாம் கப்பலேறிப் போகிற சரக்கு. மருந்தடிக்காத பருத்தி, தண்ணீரைக் கெடுக்காத சாயம், தேங்காய்ச் சிரட்டையில் செய்த பொத்தான், இடுப்பில் எலாஸ்டிக்கும் பருத்தி நாடாவும். வெட்டி மிஞ்சிய துண்டுகள்கூட மறுபடியும் நூல் மில்லுக்கே போய்விடும். ஜிப் கிடையாது, கொக்கி கிடையாது, ஒரு பொட்டு இரும்பு கிடையாது. அப்படிப்பட்ட பேண்ட்டுக்குள் இரும்பு இருந்தால் அது எங்கள் ஊசியாகத்தான் இருக்க வேண்டும். வேறு யார் தலையிலும் பழியைத் தூக்கிப் போட வழியே இல்லை.

முதல் நாலு வருடம் தைத்த துணியில் நூல் பிசிர் வெட்டினேன். அப்புறம் செக்கிங் மேஜையில் சில வருடம். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, குனிந்த தலை நிமிரவில்லை என்பதைத் தவிர. அதன் பிறகுதான் பழனிவேல் சார் என்னை ஊசி அறைக்கு மாற்றினார்.

பழனிவேல் சார் எங்கள் தரப் பிரிவு மேனேஜர். ராசிபுரத்துக்காரர், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார், ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்ததும் அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்பார். பிறகு மூன்றாவது தடவை. பொய் சொன்னவர்களுக்கு மூன்றாவது தடவைக்குள் முதுகெல்லாம் நனைந்துவிடும். உண்மையைச் சொன்னவர்களுக்கும்தான்.

தினமும் நாலு மணிக்கு அன்று தைத்ததில் ஒரு பேண்ட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவார். போட்டுக்கொண்டு வெளியே வந்து, லைனில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் முன்னால் குந்துவார், சம்மணம் போடுவார், ஸ்டூல் மேல் ஏறி இறங்குவார். வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளிய மனிதர். சிரிப்பை அடக்க நாங்கள் நூல்கண்டைத் தேடுவது போல மேஜைக்கடியில் குனிந்துகொள்வோம். அவருக்கு அதெல்லாம் கணக்கில்லை. "லீவு நாள்ல போடற துணிம்மா. மனுசன் எப்படி வேணாலும் உக்காருவான், படுப்பான், பொரளுவான். எங்கயும் புடிக்கக் கூடாது, எங்கயும் குத்தக் கூடாது," என்பார். குத்தக் கூடாது என்னும்போது மட்டும் என் பக்கம் பார்ப்பார்.

ஊசி அறைக்குப் போகச் சொன்ன அன்று நான் மறுத்தேன். "எனக்குப் பயமா இருக்குதுங்க சார். வேற யாரையாச்சும் போடுங்க."

"பயப்படற ஆளுதாம்மா அங்க வேணும்," என்றார். "தைரியமானவங்க இங்க நெறையப் பேரு இருக்கறாங்க. அவங்ககிட்ட ஊசியக் குடுக்க எனக்குப் பயமா இருக்குது."

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் உடைந்த ஊசி முனை ஒன்றை வைத்துக் காட்டினார். அரிசி நொய் அளவு இருந்தது. தாளை லேசாக ஆட்டினார், காணோம். ஐந்து நிமிடம் தரையில் முட்டி போட்டுத் தேடினேன். அது தாளின் மடிப்புக்குள்ளேயே இருந்தது. "வெறுங் காகிதத்துலயே இப்படி ஒளியுது. நாலு மடிப்பு எலாஸ்டிக் பட்டிக்குள்ள போனா நெனச்சுப் பாருங்க," என்றார். அன்றிரவு கனவில் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் ஊசி முனை தேடினேன்.

ஊசி அறை என்பது லைனின் ஓரத்தில் கம்பி வலை அடித்த ஒரு சின்ன அறை. கம்பெனியில் உள்ள ஊசி முழுக்க என் பொறுப்பு. யாருக்கும் சும்மா புது ஊசி கிடையாது. உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும். ரிஜிஸ்டரில் ஊசிப் படம் வரைந்த பக்கம் இருக்கும். அந்தப் படத்தின் மேல் துண்டுகளைப் பொருத்தி, முழு ஊசியாகச் சேர்ந்தால் செல்லோ டேப் ஒட்டி, மெஷின் நம்பர், பெயர், நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கி, அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு முனை குறைந்தாலும் அந்த மெஷின் நிற்கும். மெஷின் தலையைச் சாய்த்து எண்ணெய்த் தட்டு வரை பார்ப்போம். காந்தக் குச்சியால் தரையைக் கூட்டுவோம். அந்த மெஷினைச் சுற்றி இருந்த பேண்ட் எல்லாம் தனியாகச் சோதிக்கச் சிவப்புக் கூடைக்குப் போகும். கிடைக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது.

ஒருமுறை இரண்டு மணி நேரம் தேடிய முனை, முன்வரிசைப் பெண் தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்திலிருந்து கிடைத்தது. உடைந்த வேகத்தில் பறந்து போய்ப் பூவில் விழுந்திருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் தள்ளிப் பறந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும் என்றுதான் நினைப்பு ஓடியது. எல்லோரும் என்னை ஊசியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.

இத்தனை கறாராக இருந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து ஊசியை எடுத்து யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம். கம்பெனியில் பகல் முழுக்க டியூப் லைட் எரிந்தாலும், வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு வாசல் பக்கம் உள்ள முருகன் படத்துக்கு விளக்கு ஏற்றுவார்கள். அதற்கப்புறம் எட்டு மணி வரை ஓவர்டைம் ஓடும். அந்த ஒன்றரை மணி நேரமும் ஒருத்தியும் ஊசி அறை ஜன்னலுக்கு வரமாட்டாள். முனை மழுங்கினாலும் அதே ஊசியால் தட்டிக்கொண்டிருப்பாள். தையல் விட்டு விட்டு விழும். மறுநாள் அத்தனையையும் பிரிக்க வேண்டி வரும். கொடுக்க எனக்கும் கை வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றும் முன்பே லைன் நெடுக நடந்து, ஒவ்வொரு மேஜையிலும் ஓர் ஊசியைக் கூடுதலாக வைத்துவிடுவேன். சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வேன். உடைத்திருந்தால் துண்டுகளை வாங்கி ரிஜிஸ்டரில் ஒட்டி, முந்தைய நாள் நேரத்தைப் போட்டுவிடுவேன். சாருக்குத் தெரியாது. மூன்று வருடம் ஒரு குறையும் வரவில்லை. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியவள் மூன்று வருடத்தில் எப்படித் தைரியசாலியாகிப் போனேன் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் கண்டெய்னர் லாரி வரவேண்டும். பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. நான் வழக்கம்போலக் கூடுதல் ஊசிகளை வாங்கிக்கொண்டே வந்தேன். இடுப்புப் பட்டி தைக்கிற சரசுவின் மேஜைக்கு வந்ததும் அவள் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொடுத்தாள். சரசு எடப்பாடி பக்கம் தறிக்காரர் வீட்டிலிருந்து வருகிறவள். எனக்கு ஏழெட்டு வயது இளையவள், வாய் அதிகம் பேசாதவள். பொட்டலத்துக்குள் உடைந்த ஊசியின் மேல் பாதி மட்டும் இருந்தது.

"முனை எங்க சரசு?"

"கெடைக்கலீங்க்கா. வௌக்கு வெச்சதுக்கு அப்புறமேட்டு ஒடஞ்சுதுங்க. கூட்டிப் பாத்தேன், எண்ணெய்த் தட்டுலயும் பாத்தேன். காணமுங்க."

"அப்பவே ஏன் சொல்லுல?"

"சொன்னா நீங்க ஊசி முன்னாடியே குடுத்தது வெளிய வந்துருமேனுதானுங்க்கா."

என் காதுக்குள் 'ங்' என்று ஒரு சத்தம். அவள் இடது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டேன். வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கொண்டதாகச் சொன்னாள். தையல்காரி கையில் துணி சுற்றியிருப்பது அதிசயமா என்ன. அதற்கு மேல் நான் அதைப் பார்க்கவில்லை.

வெள்ளி மாலை அவள் பட்டி தைத்த பேண்ட்டுகள் எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தன. அப்போது எங்களிடம் இருந்தது கையால் பிடித்துத் தடவுகிற, இரும்பு பட்டால் கத்துகிற கருவி ஒன்றுதான். அவசரத்தில் அதையும் எந்த அளவுக்கு நிதானமாகத் தடவினார்களோ தெரியாது. எலாஸ்டிக் மடிப்பில் மெதுவாகத் தடவாவிட்டால் தப்பிவிடும்.

ஊசி அறையிலிருந்து சார் அறைக்கு நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடியில் நான் மூன்று இடத்தில் நின்றேன். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது, லாரி போய்விடும். சொன்னால் வேலை போகும். சரசுவுக்கும் போகும். அவள் வீட்டுக்காரர் முதுகு வலியோடு தறியை விட்டவர், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆனால் எங்கோ ஒரு ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, அப்பாடா என்று இந்தப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் நாற்காலியில் சாய்கிறார். மடியில் குழந்தை ஏறி உட்காருகிறது. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. கதவைத் தட்டினேன்.

சார் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "எத்தன பேண்ட்டு?" என்றார். சொன்னேன். மறுபடியும் "எத்தன பேண்ட்டு?" என்றார். சொன்னேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. எழுந்து கதவுப் பக்கம் போனவர், என்னைப் பார்க்காமலே, "எங்க ஊட்லயும் வௌக்கு வெச்சா ஊசி குடுக்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய் லாரியை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

பெட்டிகளைப் பிரித்தோம். மேஜையில் ஒருவர் பேண்ட்டை விரித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் கருவியால் தடவ வேண்டும். தடவுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பிடிக்க சரசு தானாக முன்வந்தாள். வளையல், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேஜைக்கு வந்தாள். சார் நாற்காலி போடாமல் பக்கத்தில் நின்றார். நூறு பேண்ட் தாண்டியிருக்கும். அதுவரை மடிப்பு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சரசு, எலாஸ்டிக் சுருங்குகிறது என்று பட்டியின் மேலேயே கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். கருவி கத்தியது.

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. அந்தப் பேண்ட்டை வாங்கி மேஜையில் தனியாகப் போட்டு மெதுவாகத் தடவினேன். சத்தமே இல்லை. திருப்பிப் போட்டுத் தடவினேன். இல்லை. பட்டியைப் பிரித்து எலாஸ்டிக்கை வெளியே இழுத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. இன்னொரு பேண்ட்டிலும் அதே கதை. கத்துகிறது, தனியாக வைத்தால் பேசாமல் இருக்கிறது.

"மேஜையில ஆணி இருக்கும்," என்றார் சார். பிளாஸ்டிக் மேஜை கொண்டுவந்து போட்டோம். மூன்றாவது பேண்ட்டுக்கும் கத்தியது. "பேட்டரிய மாத்துங்க." மாற்றினோம். இரும்புப் பொட்டு பதித்த சோதனை அட்டையை வைத்துப் பார்த்தால் கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. "சரசு, ஊக்கு ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார். "இல்லீங்க சார்." மறுபடியும் அதே கேள்வி. "இல்லீங்க சார்." தாலிக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள், அதில் ஊக்கு ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

அப்போதுதான் எனக்குப் பட்டது. மூன்று தடவையும் கத்தியது பட்டியின் இடது பக்கம். அவள் அழுத்திப் பிடித்திருந்த பக்கம்.

"சரசு, அந்தக் கைய எடு சாமி," என்றேன். எடுத்தாள். தடவினேன், சத்தம் இல்லை.

"மறுபடி வெய்யி."

வைத்தாள். கருவியைப் பேண்ட்டின் மேல் கொண்டுபோகவில்லை. துணி சுற்றிய விரலுக்கு நேராகக் கொண்டுபோனேன்.

கத்தியது.

இப்போது சொல்லப் போவதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம். "கெடச்சிருச்சுங்க சார், பேண்ட்ல இல்லீங்க சார்," என்று கத்திவிட்டேன். சிரித்துக்கொண்டு கத்தினேன். என் வேலை தப்பித்தது, சரக்கு தப்பித்தது, முகம் தெரியாத யாரோ தப்பித்தார்கள். அது எங்கே இருக்கிறது என்பது என் புத்திக்கு எட்டியது பிறகுதான். சரசுவைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"வெரல்லதானுங்களே? பேண்ட்ல இல்லீங்களே?" என்றாள். "வெரல்ல ஏறி ஒடஞ்சுதுங்க்கா. உள்ளயே நின்னுருச்சா, கீழ உளுந்துருச்சானு தெரியல. ராத்திரி பூராவும், வெரல்லயே இருக்கோணும் தாயேனு மாரியாத்தாளக் கும்புட்டுக்கிட்டே இருந்தனுங்க."

பழனிவேல் சார் கண்ணாடியைத் தேடினார். பையில் இருந்த கண்ணாடியை மேஜையெல்லாம் தேடினார்.

திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிப்போனார், நானும் போனேன். எக்ஸ்ரேயில் எலும்பை ஒட்டி ஒரு சின்னக் கோடு தெரிந்தது. விரலைக் கிழித்து எடுத்தார்கள். டாக்டரிடம் கேட்டு அந்த முனையைக் கழுவி வாங்கிக்கொண்டார் சார். திங்கட்கிழமை ரிஜிஸ்டரைத் திறந்து, மேல் பாதியோடு அதைப் பொருத்தி, அவரே டேப் ஒட்டினார். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் என்னை எழுதச் சொன்னார். 'விரல்' என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் அதற்கு முன்னால் தரை, எண்ணெய்த் தட்டு, பூச்சரம் என்று எழுதியவள் நான். அந்தப் பக்கத்தில் மட்டும் என் கையெழுத்து கோணலாக இருக்கும்.

விபத்து ரிஜிஸ்டரிலும் நடந்ததை நடந்தபடி எழுதினார். என் பெயரையும் எழுதினார். வேலை போகும் என்று நான் சாப்பாட்டுத் தூக்கை முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இனி இன்னும் பயப்படுவீங்க. அங்கயே இருங்க." அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை முருகனுக்கு விளக்கு, கடைசி மெஷின் நின்ற பிறகுதான் ஏற்றினார்கள். முருகன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சரசுவின் விரல் மட்டும் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. தையலை விட்டு மடிப்பு மேஜைக்கு மாறினாள். பேண்ட்டை நீவி மடிக்கும்போது அந்த ஒரு விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். நான் ஓய்வு பெறும்வரை அதைத் தினமும் பார்த்தேன்.

பூஜை அன்று புது மெஷினைப் போட்டுக் காட்டினார்கள். பேண்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் போய் வந்தன. எவ்வளவு வேகம், எவ்வளவு சுத்தம். "இனிமேப் பயமே இல்லீங்க்கா, இது எதையும் உடாது," என்றாள் இப்போது ஊசி அறையில் இருக்கிற பெண். நான் அந்தக் கூண்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேண்ட் போகிற அளவுக்குத்தான் திறப்பு. கை உள்ளே போகாமல் இருக்கக் கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள், பாதுகாப்புக்காக. எங்கள் கருவியைக் கையில் பிடித்துத் தடவினோம், அதனால் ஒரு விரல் அகப்பட்டது. இதற்குள் பேண்ட் மட்டும்தான் போகும். பேண்ட்டுகள் எல்லாம் சுத்தமாக வெளியே வரும், கண்டெய்னர் நேரத்துக்குக் கிளம்பும்.

டீ கொடுத்தார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இடுப்புப் பட்டி லைனில் இருந்த பெண்களை வரச் சொன்னேன்.

"எல்லாரும் கைய நீட்டுங்க சாமி," என்றேன்.

"ஏனுங்க்கா, சோசியம் பாக்கறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். பதினோரு பேர். ஒவ்வொரு கையாக வாங்கி, ஒவ்வொரு விரலாக, நகத்தடியிலிருந்து நுனி வரை அழுத்தித் தடவிப் பார்த்தேன். நாலாவது, ஐந்தாவது ஆளுக்குப் பிறகு அவர்கள் சிரிப்பது நின்றுவிட்டது. கடைசிப் பெண்ணின் கையையும் விட்ட பிறகுதான், ஆறிப் போன டீயை எடுத்துக் குடித்தேன்.